கண்ணும் கையும் கொண்ட பெட்டி

தேனி மாவட்டத்தில், கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் இருக்கிறது சுருளிப்பட்டி. திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். இப்பள்ளத்தாக்கில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

திராட்சை விளைவிக்கத் தண்ணீரும் எருவும் பந்தலும் இருந்தால் போதும் என்றா நினைக்கிறீர்கள்? காகிதமும் வேண்டும்! பட்டா, சிட்டா நகல்கள், வங்கிக் கடன் விண்ணப்பம், சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கான தாள்கள், லாரியில் ஏற்றிய பெட்டிகளின் பட்டியல் என்று அது நீண்டுகொண்டே போகும். ஒரு விவசாயியின் வீட்டில் பாதி அலுவலகம் நடக்கிறது என்றே சொல்லலாம்.

ஒரு காலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் டவுனில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டியிருந்தது. இன்றோ வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணிப்பொறி, பக்கத்தில் ஒரு பெட்டி ஆகியவற்றை வைத்தே பலரும் இவ்வேலைகளை முடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டிதான் பல்பணி அச்சுப்பொறி. கடைக்காரர்கள் ‘ஆல் இன் ஒன் பிரிண்டர்’ என்பார்கள். அச்சடிக்கும், ஸ்கேன் செய்யும், ஜெராக்ஸும் எடுக்கும்.

நண்பர்களே, இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? அது தரும் நகலை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? வாருங்கள், பார்ப்போம்.

மூன்று வேலையா, இரண்டு வேலையா?

அச்சு, ஸ்கேன், ஜெராக்ஸ் என்று மூன்று வேலைகளைச் சொன்னோம். உண்மையில் இப்பெட்டிக்குத் தெரிந்தவை இரண்டே வேலைகள்தாம். ஒன்று பார்ப்பது, மற்றொன்று எழுதுவது. மேல்மூடியின் கீழே கண்ணாடித் தட்டுக்கு அடியில் இருப்பது அதன் கண். கீழே தாள் நுழைந்து வெளிவரும் பகுதியில் இருப்பது அதன் கை. கண் மட்டும் வேலை செய்தால் ஸ்கேன். கை மட்டும் வேலை செய்தால் அச்சு. கண் பார்த்ததைக் கை உடனே எழுதினால் ஜெராக்ஸ். அவ்வளவுதான்!

இந்தக் கண்ணையும் கையையும் வெவ்வேறு ஊர்களில் வைத்து நடுவே கம்பி இழுத்தால் என்ன ஆகும்? இங்கே பார்த்ததை அங்கே எழுதும். அதுதான் தொலைநகல் என்னும் பேக்ஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் இந்த எண்ணத்துக்கு 1843-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். தொலைபேசிக்குக் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றது 1876-இல்தான். அதாவது, குரலைக் கம்பியில் அனுப்புவதற்கு முன்னரே படத்தை அனுப்புவதைப் பற்றி மனிதன் சிந்தித்துவிட்டான்!

கண் எப்படிப் பார்க்கிறது?

கண்ணாடியின்மேல் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். அடியில் ஒரு வெளிச்சக் கோடு நகர்ந்து போவதைக் காணலாம். அந்த ஒளி தாளில் பட்டுத் திரும்புகிறது. வெள்ளைப் பகுதி நிறைய ஒளியைத் திருப்பி அனுப்பும். எழுத்து இருக்கும் கறுப்புப் பகுதி மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும்.

ஒளிக்கோட்டோடு சேர்ந்தே நகரும் ஒரு பட்டையில், ஒளியை மின்சாரமாக மாற்றும் நுண்ணிய உணர்விகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக் கருவிகள் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற விளக்குகள் மாறிமாறி மின்னும். ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பதை உணர்விகள் அளக்கும். அந்த அளவு 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகக் குறிக்கப்படும். முழுக் கறுப்பு என்றால் 0. முழு வெள்ளை என்றால் 255.

இதைக் கவனியுங்கள். இக்கணத்தோடு உங்கள் தாள் படமாக இல்லை. எண்களாகிவிட்டது!

எத்தனை எண்கள்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., நீளம் 297 மி.மீ. அங்குலத்தில் சொன்னால் ஏறத்தாழ 8.27, 11.69. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்து ஸ்கேன் செய்தால் அகலத்தில் சுமார் 2,480 புள்ளிகள், நீளத்தில் சுமார் 3,508 புள்ளிகள். இரண்டையும் பெருக்குங்கள். ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்களுக்கு மூன்று எண்கள். ஆக, ஒரே பக்கத்துக்கு 2 கோடியே 60 லட்சம் எண்கள். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று கூட்டினால் எண்களின் தொகை இரு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஏன் என்று நீங்களே சொல்லுங்கள் பார்க்கலாம்!

இவ்வகைக் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே அது தெளிவாகப் பார்க்கும். தடித்த புத்தகத்தை விரித்துக் கவிழ்க்கும்போது நடுமடிப்பு கண்ணாடியில் படியாமல் சற்று மேலே எழும்பி நிற்கும். நகலில் அவ்விடம் மங்கி, இருண்டு போவது இதனால்தான்.

மைத்துளியால் எழுதும் கை

இனி, எண்களைத் திரும்பவும் பக்கமாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் கை இரு வகைப்படும். ஒன்று மைத்துளியைத் தெளிப்பது. மற்றொன்று பொடியைத் தூவுவது.

முதல் வகையைப் புரிந்துகொள்ளத் திராட்சைத் தோட்டத்தில் ஓடும் சொட்டுநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருங்குழாய், அதில் வரிசையாகச் சிறு துளைகள். வேண்டிய இடத்தில் மட்டும் சொட்டு விழுகிறது. மைத்தெளிப்பு அச்சுப்பொறியின் தலைப்பகுதியிலும் இதுபோலத் துளைகள் வரிசையாக உள்ளன. ஆனால் அவை தலைமயிரைவிட மெல்லியவை. தலை இடமும் வலமுமாக ஓட, தாள் சிறிது சிறிதாக முன்னே நகர, துளைகள் மையைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போகின்றன.

ஒரு மைத்துளியின் அளவு சில பிக்கோலிட்டர்களே. பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மருந்துக் குழலிலிருந்து விழும் ஒரு சொட்டுத் தண்ணீரை 5 பிக்கோலிட்டர் துளிகளாகப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கோடித் துளிகள் கிடைக்கும்!

இவ்வளவு சிறிய துளியைத் தள்ளிவிடுவது எப்படி? இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, வெப்பம். 1977-இல் ஜப்பானின் கானன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்னும் ஆய்வாளர், மை நிரம்பிய ஊசிக்குழல் ஒன்றின் முனையில் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டதும் மை பீச்சி வெளிவந்ததைக் கண்டார். அதைப் பலரும் துடைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்கள். அவரோ ‘ஏன்?’ என்று கேட்டார். சூட்டினால் மை நொடியில் ஆவியாகிக் குமிழி உண்டாகிறது. குமிழி விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. இன்றும் பல அச்சுப்பொறிகளில் ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய சூடேற்றி இருந்து இதே வேலையைச் செய்கிறது.

இரண்டாவது வழி, அழுத்தம். சமையலறையில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் ‘டிக் டிக்’ லைட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதில் பேட்டரி கிடையாது. ஆயினும் பொறி பறக்கிறது. உள்ளே இருக்கும் ஒருவகைப் படிகப் பொருளை அடித்தால் அது மின்சாரத்தை உண்டாக்கும். 1880-இல் கியூரி சகோதரர்களான ஜாக்கும் பியரும் கண்டறிந்த விளைவு இது. இதன் மறுதலையும் உண்மை. அப்பொருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அதன் வடிவம் சற்றே மாறும். அந்தச் சிறு நெளிவே மைத்துளியைத் தள்ளப் போதுமானது. எப்சன் நிறுவனத்தின் அச்சுப்பொறிகள் இம்முறையில் இயங்குகின்றன.

செய்து பாருங்கள்: அச்சான திராட்சைப் படம் ஒன்றை நல்ல உருப்பெருக்கியால் பாருங்கள். சிவகாசிக் காலண்டராக இருந்தாலும் சரி. ஊதா நிற மை எங்குமே இராது! நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகளே தெரியும். தள்ளி நின்று பார்க்கும்போது நம் கண்தான் அவற்றைக் கலந்து ஊதாவாக்கிக்கொள்கிறது. வாசலில் போடும் புள்ளிக் கோலம், மாடியிலிருந்து பார்த்தால் ஒரே ஓவியமாகத் தெரிவதில்லையா, அதுபோல!

பொடியால் எழுதும் கை

இரண்டாவது வகையில் மைக்கு இடமே இல்லை. கறுப்புப் பொடிதான். இதற்கு அடிப்படை நீங்கள் ஆறாம் வகுப்பிலேயே செய்து பார்த்த சோதனை. உலர்ந்த தலைமுடியைச் சீப்பால் வாரி, சீப்பைக் காகிதத் துணுக்குகள் அருகே கொண்டுபோனால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அந்த நிலைமின்சாரம்தான்!

அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் காப்புரிமை வேலையில் இருந்தார். ஆவணங்களுக்கு நகல் எடுப்பது அன்று பெரும்பாடு. கையால் எழுத வேண்டும், அல்லது புகைப்படம் எடுக்க வேண்டும். எளிய வழி ஒன்றைத் தேடி நூலகத்தில் படித்துப் படித்து, நிலைமின்சாரமும் ஒளியும் சேர்ந்தால் நகல் எடுக்கலாம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1938 அக்டோபர் 22. நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறு அறை. கார்ல்சனும் உதவியாளர் ஓட்டோ கோர்னேயும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். கண்ணாடித் துண்டு ஒன்றில் அன்றைய தேதியையும் ‘அஸ்டோரியா’ என்ற ஊர்ப்பெயரையும் மையால் எழுதி, தகட்டின்மேல் வைத்து விளக்கொளியைக் காட்டினார்கள். ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டம் வடிந்துபோயிற்று. எழுத்தின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் தங்கியது. பொடியைத் தூவி ஊதியதும் எழுத்துகள் தெரிந்தன. மெழுகுத்தாளை வைத்து அழுத்தி அவற்றை எடுத்துக்கொண்டார்கள். உலகின் முதல் உலர் நகல் அதுதான்.

பல நிறுவனங்கள் கைவிரித்தன. கார்ல்சன் தளரவில்லை. கடைசியில் ஹாலாய்டு என்னும் சிறு நிறுவனம் முன்வந்தது. கிரேக்கத்தில் ‘ஜெரோஸ்’ என்றால் ‘உலர்ந்த’ என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயரே ஜெராக்ஸ். 1959-இல் ‘ஜெராக்ஸ் 914’ என்ற இயந்திரம் அறிமுகமாயிற்று. நம் நாட்டில் 1983-இல் மோடி ஜெராக்ஸ் நிறுவனம் தொடங்கியது. நிறுவனத்தின் பெயரே பிறகு பொருளின் பெயராகிவிட்டது. எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் நாம் எடுப்பது ‘ஜெராக்ஸ்’தானே!

இன்றைய லேசர் அச்சுப்பொறியிலும் அதே தத்துவம்தான். ஆனால் கண்ணாடித் துண்டுக்குப் பதிலாக எண்கள். விளக்குக்குப் பதிலாக லேசர். உருளை ஒன்றின்மேல் முழுதும் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. எழுத்து வரவேண்டிய புள்ளிகளில் மட்டும் லேசர் பட்டு மின்னூட்டம் வடிகிறது. இங்கே கார்ல்சனின் முறைக்கு நேர்மாறாக, மின்னூட்டம் வடிந்த இடங்களில்தான் ‘டோனர்’ என்னும் பொடி ஒட்டிக்கொள்ளும். பிறகு அது தாளுக்கு மாறுகிறது. டோனர் வெறும் கரி அல்ல, பெரும்பகுதி பிளாஸ்டிக். சுமார் 200 பாகை செல்சியஸ் சூட்டில் உள்ள உருளைகளுக்கிடையே தாள் நசுங்கிப் போகும்போது அது உருகித் தாளோடு ஒன்றிவிடுகிறது. லேசர் அச்சுத் தாள் வெளியே வரும்போது அப்பம் போலச் சூடாக இருப்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்: தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பருத்தித் துணியை விரலில் சுற்றி, அதன்மேல் ‘அ’ என்ற வடிவில் பலமுறை அழுத்தித் தேய்யுங்கள். டீ வடிகட்டியில் சிறிது மஞ்சள் தூளை வைத்து மேலே தூவி, தாளை மெல்லத் தட்டுங்கள். தேய்த்த இடத்தில் தூள் கூடுதலாக ஒட்டியிருக்கும். வெயில் காயும் பகலில் ஒருமுறையும், சாரல் அடிக்கும் நாளில் ஒருமுறையும் செய்து ஒப்பிடுங்கள். ஈரக்காற்றில் மின்னூட்டம் வடிந்துபோவதை நீங்களே காணலாம்.

எண்ணை மாற்றிய இயந்திரம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கண் பார்த்ததை எண்களாக்குகிறது, கை எண்களைக் கொண்டு எழுதுகிறது என்றோம். நடுவே அந்த எண்களுக்கு என்ன நேர்கிறது?

ஒரு பக்கத்துக்கு 2 கோடியே 60 லட்சம் எண்கள் என்று கணக்கிட்டோம் அல்லவா? அவ்வளவையும் அப்படியே வைத்துக்கொள்ள இடம் நிறைய வேண்டும். ஆகவே இயந்திரங்கள் அவற்றைச் சுருக்கி வைக்கின்றன. சுருக்கும் வழிகளில் ஒன்று இது: பக்கத்தில் ஒரே மாதிரியான எழுத்து பலமுறை வந்தால் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் ‘அதே எழுத்து’ என்று குறித்துவிடுவது.

நல்ல யோசனைதான். ஆனால், ‘ஒரே மாதிரி’ என்று முடிவு செய்வது யார்? இயந்திரம்! அது தவறாக முடிவு செய்தால்?

2013 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கணிப்பொறி அறிஞர் டேவிட் கிரீசல் இதைத்தான் வெளிப்படுத்தினார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று எழுதியிருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பல்பணி இயந்திரம் ஒன்றில் அதை ஸ்கேன் செய்தபோது, மூன்று அறைகளிலும் 14.13 என்றே வந்தது! வேறு தாள்களில் 6 என்பது 8 ஆக மாறியிருந்தது. எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை. பளிச்சென்று, அழகாக, தவறாக இருந்தது. ஜேபிக்2 என்னும் சுருக்கும் முறை, ஒன்றுபோலத் தோன்றிய எண்களை ஒன்றே என்று கருதி மாற்றி வைத்ததே இதற்குக் காரணம். பின்னர் அந்நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். பட்டாவில் 126 என்றிருக்கும் புல எண் நகலில் 128 ஆகிவிட்டால்? உங்கள் தேர்வுப் பதிவெண்ணில் ஓர் இலக்கம் மாறினால்? மங்கலான நகலைப் பார்த்தால் சந்தேகம் வரும். பளிச்சென்ற நகலைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பழைய கண்ணாடித் தட்டு முறையில், இயந்திரம் பக்கத்தின் நிழலைத்தான் பிடித்தது. நிழல் மங்கலாம், ஆனால் 6-இன் நிழல் 8 ஆகாது. இன்றைய பெட்டியோ பக்கத்தைப் படித்துவிட்டுப் புதிதாக ஒரு பக்கத்தை எழுதுகிறது. ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதியவர்களைப் போல!

ஏடு கற்பிக்கும் பாடம்

ஓலைச்சுவடி காலத்தில் ஒருவர் எழுதிய ஏட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். அதைப் பார்த்து மற்றொருவர் எழுதினார். கைமாறக் கைமாற எழுத்துகளும் சொற்களும் மாறின. இந்த மாற்றங்களைப் பாடபேதம் என்பார்கள். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தே உண்மையான பாடத்தைத் தேர்ந்தார். நகலின் நோய்க்கு அவர் கண்ட மருந்து, ஒப்புநோக்குதல்.

உங்கள் பெட்டியிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிறிய எழுத்துள்ள ஒரு துண்டை நகலெடுங்கள். அந்த நகலை நகலெடுங்கள். இப்படி ஐந்து தலைமுறை போனபின் முதலாவதையும் ஐந்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரங்கள் தடித்தும் சிதைந்தும் போயிருக்கும். மாறாக, மூலத்தை ஒரேமுறை ஸ்கேன் செய்து அந்தக் கோப்பிலிருந்து ஐந்துமுறை அச்சடித்தால் ஐந்தும் ஒன்றுபோல இருக்கும். ஏனென்றால் எண்களுக்குத் தேய்மானம் கிடையாது. எனவே ‘நகலின் நகல்’ வேண்டாம். நல்ல ஸ்கேன் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது அதிலிருந்து அச்சடிப்பதே மேல்.

முன்பெல்லாம் சான்றிதழ் நகலில் அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட்டு, ‘மெய் நகல்’ என்று முத்திரை வைப்பார். ‘அசலோடு ஒப்பிட்டேன்’ என்பதே அக்கையெழுத்தின் பொருள். இன்று பல இடங்களில் விண்ணப்பிப்பவரே தன் கையொப்பம் இட்டால் போதும். வசதிதான். ஆனால் ஒப்பிடும் பொறுப்பும் நம் தலையில் வந்துவிட்டது. நகலில் கையெழுத்துப் போடுமுன் ஒரு விரலை அசலிலும் ஒரு விரலை நகலிலும் வைத்து, எண்களை இலக்கம் இலக்கமாகப் படியுங்கள். அரை நிமிட வேலை!

பெட்டியைப் பேணுவது எப்படி?

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பராமரிப்பு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காரணத்திலிருந்தே விதி பிறக்கும்.

1. சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிந்தால் துளை அடைபடும். அதுபோல மை உலர்ந்தால் அச்சுத்தலையின் துளைகள் அடைபடும். மைத்தெளிப்பு இயந்திரத்தில் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சடியுங்கள். அணைக்கும்போது சுவர் சுவிட்சைத் தட்டாதீர்கள். இயந்திரத்தின் பொத்தானை அழுத்துங்கள். அப்போதுதான் அது தலையைத் தன் இடத்தில் கொண்டுபோய் மூடிவைக்கும்.

2. மலைக் காற்று தூசியையும் சாரலையும் கொண்டுவரும். ஈரம் உறிஞ்சிய தாள் வளையும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நுழைந்து சிக்கும். தாள் கட்டைப் பிரித்தபின் மீதியை உறையிலேயே வைத்திருங்கள்.

3. தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் அடுக்கில் வைத்து நகலெடுக்கும்போது, பக்கம் முழுதும் நீளவாக்கில் ஒரு கறுப்புக்கோடு வருகிறதா? அச்சில் குறையில்லை. அங்கே கண் அசைவதில்லை, தாள்தான் நகர்கிறது. பெரிய கண்ணாடியின் பக்கத்தில் உள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையில் ஒரு துளி அழுக்கு இருந்தால்கூட அது கோடாக நீண்டுவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் கோடு போய்விடும்.

4. லேசர் இயந்திரம் உருளையைச் சூடேற்றும்போது மின்சாரத்தை வெகுவாக இழுக்கும். கணிப்பொறிக்கென வைத்திருக்கும் சிறிய யு.பி.எஸ்.ஸில் அதை இணைக்கக் கூடாது.

5. டோனர் சிந்தினால் ஊதாதீர்கள். நுரையீரலுக்கு ஆகாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வெந்நீர் கூடாது. காரணம், அது சூட்டில் உருகும் பொருள் என்று முன்னரே பார்த்தோம். காலியான மைப் புட்டிகளையும் டோனர்ப் பெட்டிகளையும் வாய்க்காலில் எறியாதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள். நம் நாட்டின் மின்னணுக் கழிவு விதிகளில் அச்சுப்பொறியும் அதன் மைப்பெட்டியும் சேர்க்கப்பட்டுள்ளன.

வாங்குமுன் ஒரு கணக்கு

இயந்திரத்தின் விலையை மட்டும் பார்த்து வாங்குவது, பசுவின் விலையைக் கேட்டுவிட்டுத் தீவனத்தை மறப்பது போன்றது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு மைப்பெட்டி 900 ரூபாய், அதில் 300 பக்கங்கள் வரும் என்றால் பக்கத்துக்கு 3 ரூபாய். மற்றோர் இயந்திரத்தில் 500 ரூபாய் மைக்கு 5,000 பக்கங்கள் என்றால் பக்கத்துக்கு 10 காசு. மாதம் 200 பக்கம் அச்சடிக்கும் வீட்டுக்கு ஓர் ஆண்டில் எவ்வளவு வேறுபாடு? நீங்களே கணக்கிடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, பொதுவாகப் பக்கத்தில் 5 விழுக்காடு மட்டும் மை படுவதாக வைத்துச் சொல்வது. முழுப்பக்கத் திராட்சைப் படம் அடித்தால் அந்த எண்ணிக்கை வராது.

தாளுக்கும் ஒரு கணக்கு. ஏ0 என்னும் தாளின் பரப்பு 1 சதுர மீட்டர். அதை நான்குமுறை பாதியாக மடித்தால் ஏ4. அதாவது 16-இல் ஒரு பங்கு. ‘80 ஜி.எஸ்.எம்.’ என்றால் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஆகவே ஒரு ஏ4 தாளின் எடை 5 கிராம். 500 தாள் கட்டின் எடை இரண்டரைக் கிலோ. இருபுறமும் அச்சடித்தால் அதில் பாதி மிச்சம்.

பிறருடைய காகிதம்

வீட்டில் இப்பெட்டி இருப்பது தெரிந்தால் தெருவில் உள்ளவர்களும் வருவார்கள். “தம்பி, இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பா” என்று பெரியவர் ஒருவர் தம் ஆதார் அட்டையை நீட்டுவார். எடுத்துக்கொடுங்கள். ஆனால் அவர் போனபிறகும் அந்த அட்டை உங்கள் வீட்டில் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். ஒன்று, கண்ணாடியின்மேல் அசலாகவே கிடக்கலாம். மூடியைத் திறந்து பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். மற்றொன்று, எண்களாக மாறிக் கணிப்பொறியில் தங்கியிருக்கலாம். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டி, மற்ற எட்டையும் மறைத்த படிவத்தை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே எடுக்கலாம். அது போதும் என்னும் இடங்களில் அதையே அச்சடித்துக் கொடுங்கள். நகலின் ஓரத்தில் எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று அவரைக் கையால் எழுதச் சொல்லுங்கள். வேறொரு காரியத்துக்கு அந்த நகலைப் பயன்படுத்துவது கடினமாகும்.

நண்பர்களே, சீப்பில் ஒட்டிய காகிதத் துணுக்கிலும், ஊசிமுனையில் பீச்சிய மையிலும் பிறந்த இயந்திரம் இன்று ஊர்தோறும் வந்துவிட்டது. பார்க்க அதற்குக் கண் இருக்கிறது, எழுதக் கை இருக்கிறது. ஆனால் தான் எழுதியது பட்டாவா, பாட்டா என்பது அதற்குத் தெரியாது. 126-க்கும் 128-க்கும் இடையே ஒரு குடும்பத்தின் நிலம் இருக்கிறது என்பதும் தெரியாது. அதைத் தெரிந்தவர் நீங்கள். அடுத்தமுறை பெட்டியிலிருந்து சூடாக ஒரு தாள் வெளிவரும்போது, அசலை ஒருமுறை கையில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.